மாஸ்டரின் மூக்கும் ஜெர்மன் டேஸ்ட்டும்

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மீதி இரண்டும் என் தங்கச்சி விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். ஐந்து பேரும் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கிறார்கள். எல்லாம் நான் மைதா பிசைந்த கையின் புண்ணியம். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நாளைக்கு நீங்கள் யாரும் "யாருப்பா இந்தக் கெழவி, நமக்குப் புத்தி சொல்ல வந்துட்டா" என்று கேட்கக் கூடாது.

நம் ஓட்டலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டுமாம். சர்வர்களுக்கெல்லாம் தலைவனான கேப்டன் சேகர் போன ஞாயிற்றுக்கிழமை கண்ணகி நகருக்கு என் வீடு தேடி வந்தான். வெறும் கையோடு வரவில்லை, மெல்லிய மாவில் ஆப்பிளைச் சுருட்டிச் சுடுவோமே ஆப்பிள் ஸ்ட்ரூடல், அதை டப்பா நிறையக் கொண்டுவந்தான். ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டு, "எலுமிச்ச பத்தல சேகரு" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இதத்தான்க்கா நீ வந்து பசங்களாண்ட சொல்லணும்" என்றான். முட்டி வலிக்கிறது, வர முடியாது, நான் சொல்கிறேன் நீ எழுதிக்கொண்டு போ என்றேன். "என் எழுத்து கிச்சன்லயே எவனுக்கும் புரியாது, என்னப் போய் எழுதச் சொல்றியேக்கா" என்றான். அதனால் என் பேத்தி எழுதுகிறாள்.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் நம்பர் படிப்பேன். அதற்கு மேல் கிடையாது. நான் 'கீது' என்றால் பேத்தி 'இருக்கிறது' என்று எழுதுகிறாள். எழுதட்டும், காலேஜ் பிள்ளை. மற்றவர்கள் பேசியதை மட்டும் மாற்றாதே, அவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே உங்கள் ஒவ்வொருவர் கையிலும் குட்டியாய் ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்திருப்பார்கள். வெள்ளைக்காரர் சாப்பாடு போடும் ஓட்டலில் இது எதற்கு என்று நினைத்திருப்பீர்கள். சேகரைக் கேட்டால், "அக்காவக் கேளு" என்று தப்பித்துக்கொள்வான். அந்த டம்ளர் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பொறுமையாகக் கேளுங்கள், எனக்கு ஓடத் தெரியாது.

மேடத்தை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். பாலவாக்கத்து வீட்டில் இருக்கிறார். அவர் முட்டி என் முட்டியைவிட மோசம். ஆஸ்திரியாவில் பிறந்து, நம் ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். புருஷன் போன பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. தன் அம்மா வீட்டில் சமைத்ததையெல்லாம் பெசன்ட் நகரில் ஒரு ஓட்டல் வைத்து நம் ஆட்களுக்குப் போட்டார். பாலவாக்கம் கடற்கரையில் மீன் விற்கிற பெண்களிடம் தமிழ் கற்றுக்கொண்டவர். அந்த வெள்ளை முகத்திலிருந்து "இன்னாபா, சாப்பாடு எப்படி கீது?" என்று வரும்போது, புதிதாக வந்த கஸ்டமர் முள்கரண்டியைக் கீழே போட்டுவிடுவார்.

மாஸ்டர் உங்களுக்குத் தெரிந்தவன்தான். பெயர் எதற்கு, எல்லோருக்கும் அவன் மாஸ்டர். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன். ஆனால் எனக்கு வாத்தியார். நான் பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தேன். ஒருநாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். "அக்கா, உனக்கு நகமும் இல்ல, மோதிரமும் இல்ல. ஸ்ட்ரூடல் மாவு கிழியாது. இங்க வா" என்றான். அன்றைக்கு விட்ட சாம்பல் சோப்பை நான் திரும்பத் தொடவில்லை.

அவன் எப்படிப்பட்ட ஆள் என்று ஒன்று சொல்கிறேன். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் குடும்பத்தோடு முதல் தடவை வந்தார். ஷ்னிட்ஸல் கேட்டார். கோழியைத் தட்டித் தட்டிச் சப்பையாக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, எலுமிச்சம்பழத்தோடு வைப்போம் அல்லவா, அதுதான். தட்டைப் பார்த்தார் அண்ணாச்சி. "ஏ தம்பி, இதுக்குக் கொழம்பு ஒண்ணும் கெடையாதா? இத வறட்டு வறட்டுன்னு எப்படித் திங்க?" என்றார். அன்றைக்கிருந்த சர்வர் பயந்துபோய் உள்ளே ஓடிவந்து, இருக்கிற கிரேவியை அதன் தலையிலேயே ஊற்றப் போனான். மாஸ்டர் கரண்டியைப் பிடித்துக்கொண்டான். அது முடியாது என்று சொல்லவும் இல்லை. கிரேவியைத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு தானே மேசைக்குப் போனான். "அண்ணாச்சி, மொத வாய் மட்டும் எலுமிச்சம்பழம் புழிஞ்சி சாப்பிடுங்க. புடிக்கலன்னா கிண்ணம் இங்கியே கீது, ஊத்திக்குங்க" என்றான்.

கிண்ணம் தொடாமல் திரும்பி வந்தது. அண்ணாச்சி குடும்பம் அதற்கப்புறம் அடிக்கடி வந்தது. "ரெண்டு தட்டுன கோழி கொண்டா" என்றுதான் கேட்பார்கள்.

கஸ்டமர் கேட்டதை மறுக்கவும் கூடாது, கேட்டார் என்பதற்காகப் பண்டத்தைப் பாழாக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு கிண்ணம் வைக்க இடம் இருக்கிறது. அதை நான் அவனிடம்தான் கற்றேன்.

மாஸ்டருடைய அப்பா கல்யாணச் சமையல்காரர். அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சமைக்கும்போது வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது, எச்சில். பந்தியில் முதல் இலை விழுந்த பிறகுதான் சமைத்தவன் நாக்கில் படலாம். மாஸ்டர் அதே பழக்கத்தோடு இங்கே வந்தான். ஒரு சொட்டுக்கூட ருசி பார்க்க மாட்டான். மூடியைத் திறப்பான், முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வான். "உப்பு கொஞ்சம்" என்பான். உப்புக்கு ஏதுடா வாசனை என்று நான் கேட்டிருக்கிறேன். "வெந்ததுக்கு அப்புறம் உண்டுக்கா" என்பான். மேடம் முதலில் சண்டை போட்டுப் பார்த்தார். "எங்க ஊர்ல ஸ்பூன் இல்லாம சமையலே இல்லபா" என்றார். பிறகு அவன் மூக்கு ஒருநாளும் தப்பவில்லை என்று கண்டு விட்டுவிட்டார். மாஸ்டரே ருசி பார்க்காதபோது நாங்கள் யார் பார்க்க? யாரும் பார்க்க மாட்டோம். மொத்தக் கிச்சனும் ஒரு ஆள் மூக்கை நம்பி ஓடியது. நன்றாகத்தான் ஓடியது.

அப்புறம் கொரோனா வந்தது. மாஸ்டருக்கும் காய்ச்சல் வந்து போனது. ஓட்டலைத் திரும்பத் திறந்தபோது இளைத்துப்போய் வந்தான். ஆள் வந்ததே போதும் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

ஆனால் தட்டுகள் பாதி பாதியாகத் திரும்பி வர ஆரம்பித்தன. புளிக்க வைத்த முட்டைக்கோஸ் ஒருநாள் ஊறுகாய் மாதிரி உப்புக் கரித்தது, மறுநாள் வெறும் தண்ணீராய் இருந்தது. கறிக் குழம்பு மாதிரி செய்வோமே குலாஷ், அதில் போடுகிற விதை சீரகம் மாதிரி இருக்கும், அது கருகிக் கிடந்தது. ஸ்ட்ரூடலுக்குள் வைக்கிற வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூள் கசந்தது. மாஸ்டர் எப்போதும்போல மூடியைத் திறந்தான், கண்ணை மூடினான், தலையை ஆட்டினான். அவனிடம் போய் யார் சொல்வது? செத்துப் பிழைத்து வந்திருக்கிறான், எல்லோருக்கும் அவன்மேல் உயிர்.

அப்போதுதான் சேகர் ஒரு வார்த்தை கண்டுபிடித்தான். கஸ்டமர் முகத்தைச் சுளித்தால், கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொல்வான்: "அது அப்படித்தான் சார். ஜெர்மன் டேஸ்ட்."

யோசித்துப் பாருங்கள். ஒரு தோசைக் கடையில் இதைச் சொல்ல முடியுமா? தோசை எல்லோர் வீட்டிலும் சுடுகிறார்கள், அடிக்க வந்துவிடுவார்கள். புளித்த முட்டைக்கோஸ் எப்படி இருக்க வேண்டும் என்று சென்னையில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாவம், கஸ்டமர் நம்பிவிடுவார். தனக்குத்தான் சாப்பிடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவரிடம், "ஆத்தென்டிக்கா இருக்கு இல்ல?" என்பார்.

அந்த வார்த்தை ரொம்ப வசதியாகப் போய்விட்டது. ருசிக்குச் சொன்னதை எல்லாவற்றுக்கும் சொல்ல ஆரம்பித்தார்கள். சூப் ஆறிப்போயிருந்தால், "ஜெர்மன்ல சூப்ப சூடா குடிக்க மாட்டாங்க சார்." சாப்பாடு வர ஒரு யுகம் ஆனால், "ஜெர்மன்ல நிதானமாத்தான் சாப்பிடுவாங்க சார்." தண்ணீர் வைக்க மறந்தால், "ஜெர்மன்ல சாப்பிடறப்போ தண்ணி குடிக்க மாட்டாங்க சார்." சாக்கு கையில் இருந்தால் கால் நடக்காது. சர்வர்கள் மேசைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்கள், சுவரில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்தார்கள்.

நம் ஊர்க் கஸ்டமர் சண்டை போட மாட்டார். "சூப்பர்" என்பார், கட்டைவிரலைக் காட்டுவார், போய்விடுவார். திரும்ப வர மாட்டார், அவ்வளவுதான். அண்ணாச்சி வருவது நின்றது. பக்கத்து வேளாங்கண்ணி மாதா கோயில் கூட்டம் நம் வாசலைத் தாண்டிப் பஜ்ஜிக்கடைக்குப் போனது. மேடம் ஓட்டலை மூடிவிடலாமா என்று யோசிக்கிறார் என்று பேச்சு வந்தது.

இந்த நேரத்தில்தான் மயிலாப்பூர் மாமி வந்தார். மாமி நமக்குப் பழைய வாடிக்கை. நம் ஸ்ட்ரூடலில் முட்டை இல்லை என்பதால் அது ஒன்று மட்டும் சாப்பிடுவார். ஒவ்வொரு தடவையும், "முட்டை போடலையோன்னோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார். அன்றைக்கு ஒரு வாய் வைத்தார், சேகரைக் கூப்பிட்டார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்டாப்பா, இது கசக்கறதே."

"அது அப்படித்தான் மாமி. ஜெர்மன் டேஸ்ட்."

"என்னது? எம்பொண்ணு வியன்னால இருக்கா. வருஷா வருஷம் அங்கே போய் இருந்துண்டு வரேன். பக்கத்தாத்துப் பாட்டி எனக்கு இதைப் பண்ணித் தருவா, நான் அவளுக்கு ரசம் வெச்சுத் தருவேன். எங்கிட்டயா ஜெர்மன் டேஸ்ட்டுங்கறே? வியன்னா ஜெர்மனியே இல்லடா, அது ஆஸ்திரியா!"

சேகர் அதே பணிவோடு, "ஆஸ்திரியன் டேஸ்ட் மாமி" என்றான்.

மாமி எழுந்தார். கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பேரக் கொழந்தைகள் ஞாபகம் வந்தா இங்கே வருவேண்டா. இனிமே எங்கே போறது?" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

நான்கைந்து நாள் கழித்து, மழை பிடித்த ஒரு காலை. ஜன்னலெல்லாம் அடைத்துக் கிடந்தது. நான் காய்கறிப் பையோடு பின்வாசலில் கால் வைத்ததும் குப்பென்று கேஸ் வாசம் அடித்தது. உள்ளே பார்த்தால், மாஸ்டர் பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டு, கையில் லைட்டரோடு நிற்கிறான். கட்டைவிரல் அதன்மேல் இருக்கிறது.

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நான் "கேஸ்!" என்று கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தூக்கிவாரிப்போட்டிருக்கும், அந்த விரல் தானாக அமுக்கியிருக்கும். அதனால் உப்பு கேட்பது மாதிரிச் சொன்னேன்:

"மாஸ்டர், அந்த லைட்டர ஒரு நிமிஷம் குடேன்."

"இரு அக்கா, பத்த வெச்சிட்டுத் தரேன்."

"இப்ப குடு. ஒரு வேண்டுதல்."

"லைட்டருக்கு இன்னாக்கா வேண்டுதல்?" என்று சிரித்துக்கொண்டே நீட்டினான். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அதே நேரம் ஹாலிலிருந்து சேகர் குரல்: "மாஸ்டர், இன்னாமோ நாத்தம் அடிக்குது, எக்ஸாஸ்ட் ஃபேன் போடட்டா?"

அப்போதுதான் கத்தினேன். "எந்த சுச்சையும் தொடாத! தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்!"

சிலிண்டரை மூடினேன், ஜன்னல்களைத் திறந்தேன், இரண்டு பேரையும் வெளியே தள்ளினேன். ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது. சேகரை கேஸ் கடைக்கு அனுப்பிவிட்டு, நானும் மாஸ்டரும் பக்கத்து வீட்டு கார் ஷெட்டின் ஓரம் தூறலுக்கு ஒதுங்கினோம்.

"சேகருக்கு ஹாலுக்கே வந்துச்சு. எனக்கு வாசல்லயே வந்துச்சு. நீ அதுக்குள்ளயே நின்னுகினு இருந்தே. உனக்கு வரல?" என்றேன்.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"வரலக்கா. ஜொரத்துலேர்ந்து ஒண்ணும் வரல. எல்லாம் குத்துமதிப்பாப் போட்டுக்கினு கீறேன்."

"யாராண்டயும் சொல்லலியா?"

"எம் பேத்தி பொறந்தாளே, கையில குடுத்தாங்க. தலைய மோந்து பாத்தேன். சொவத்த மோந்து பாத்த மாதிரி இருந்துச்சு. அத வீட்லயே சொல்லல. இங்க எப்படிச் சொல்றது?" என் கையைப் பிடித்துக்கொண்டான். "சொல்லிடாதக்கா. மூக்கு போன மாஸ்டர எவன் வேலைக்கு வெப்பான்?"

இது அந்த லைட்டரைவிடக் கஷ்டமான இடம். மேடத்திடம் போய்ச் சொன்னால், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவன் சோற்றில் நானே மண் போட்ட மாதிரி ஆகும். சொல்லாமல் விட்டால் ஓட்டல் மூடும், அதற்கு முன்னால் வெடிக்கும். நான் அவன் முதுகுக்குப் பின்னால் பேசுவதில்லை என்றும், மூடி மறைப்பதில்லை என்றும் முடிவு பண்ணினேன்.

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லப் போறே. இன்னிக்கே. நான் பக்கத்துல நிக்கறேன்."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாவு பெசையக் கத்துக்குடுத்ததே நானு. எனக்கே ஆர்டர் போடறியா?"

"நீ கத்துக்குடுத்ததாலதான் போடறேன். அண்ணாச்சி தட்டுல கிரேவி ஊத்த வுடாம கரண்டியப் புடிச்சது யாரு? நானா?"

அவன் மூக்கை உறிஞ்சினான். பழக்கதோஷம்.

மேடத்துக்குத் தினமும் மதியச் சாப்பாடு கேரியரில் போகும். அன்றைக்குக் குழாய் மாற்றிச் சமைத்து முடித்து, கேரியரை நான் மடியில் வைத்துக்கொண்டு அவன் டிவிஎஸ் வண்டியில் ஒருபக்கமாக உட்கார்ந்தேன். ஈசிஆர் ரோட்டில் மழைத் தண்ணீரெல்லாம் என் புடவையில்தான். திருவான்மியூர் தாண்டியதும், "அக்கா, குலாஷ் சிந்திடப் போவுது" என்றான்.

எங்களைப் பார்த்ததும் மேடம், "இன்னாபா, ரெண்டு பேரும் சேர்ந்து வந்துகினு கீறீங்க? கிச்சன் எரிஞ்சி பூட்ச்சா?" என்றார்.

"எரியல மேடம். எரியப் பாத்துச்சு" என்றேன்.

மாஸ்டர் நின்றபடியே சொன்னான். காய்ச்சலிலிருந்து ஆரம்பித்து, கேஸ் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னான். "நான் நின்னுக்கறேன் மேடம். வேற மாஸ்டர் பாத்துக்குங்க" என்று முடித்தான்.

மேடம் கேரியரைத் திறந்து, விரலால் குலாஷைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வர, நாற்காலி ஆட, அப்படி ஒரு சிரிப்பு.

"நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? தெனம் நீ அனுப்பறத சாப்பிடறேன், ஒண்ணும் சரியில்ல. கெழவி ஆயிட்டேன், நாக்கு செத்துப்பூட்ச்சின்னு நெனச்சேன்பா. டாக்டராண்ட போய் நாக்க நீட்டினேன். ஒண்ணும் இல்லம்மான்னாரு. டாக்டருக்கு வேல தெரியலன்னு டாக்டரையே மாத்திட்டேன்! நாக்கு இல்லாதவளுக்கு எதுக்கு ஓட்டல்னுதான் மூடிடலாம்னு இருந்தேன். என் நாக்கு நல்லாத்தான் கீதா?"

"சூப்பரா கீது மேடம்" என்றான் மாஸ்டர். அவனும் அழுதுகொண்டே சிரித்தான்.

பார்த்தீர்களா? மாஸ்டர் மறைத்தான், சேகர் சாக்குச் சொன்னான், கஸ்டமர் தனக்குச் சாப்பிடத் தெரியவில்லை என்று நினைத்தார், மேடம் தன் நாக்கைச் சந்தேகப்பட்டார். எல்லோரும் நல்லவர்கள்தான். எல்லோரும் நல்லவர்களாகவே இருந்து ஒரு ஓட்டலை மூடப் பார்த்தார்கள்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்புறம் திட்டினார். "ருசி போனதுக்குத் திட்டல. மூக்கு இல்லாம அடுப்பாண்ட தனியா நின்ன பாரு, அதுக்கு உன்ன ஒதைக்கணும். வேலைய வுட்டு எங்கடா போவே? கை கீது இல்ல? உன் மூக்கு வர்ற வரைக்கும் வேற மூக்க வாடகைக்கு எடு." என் பக்கம் திரும்பினார். "இந்தம்மா மூக்கு சும்மாதான கீது, மூக்குத்தி போட மட்டும்."

அன்றிலிருந்து மாஸ்டருக்கு நான் மூக்கு. அவன் வறுப்பான், நான் பக்கத்தில் நின்று வாசம் வந்ததும், "ஆச்சு, எறக்கு" என்பேன். என் மூக்கு சாதாரண மூக்கு, உப்பெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் மேடம், எல்லோரும் ருசி பார்த்துத்தான் ஆக வேண்டும், சர்வர்கள் உட்பட, என்று கட்டளை போட்டார். மாஸ்டர் முரண்டு பிடித்தான். "நாக்கு பட்ட கரண்டியத் திரும்ப உள்ள வுட மாட்டேன். எங்கப்பா மேலேர்ந்து பாப்பாரு."

"உங்கப்பா தண்ணி எப்படிக் குடிப்பாரு?" என்று கேட்டேன்.

"அண்ணாந்துதான்."

"அப்ப குலாஷையும் அண்ணாந்து குடிப்போம்."

அவன் யோசித்தான். அவன் அப்பாவும் மேலே யோசித்திருப்பார். மறுநாளே நான் மயிலாப்பூர் பாத்திரக்கடையில் ஆளுக்கொரு குட்டி டம்ளர் வாங்கி வந்தேன். முதல் நாள் சேகர் அவசரப்பட்டுக் கொதிக்கக் கொதிக்க அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, கடற்கரை வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான். ஆறவைத்துக் குடிக்க வேண்டும் என்று அவன் உங்களிடம் இரண்டு தடவை சொல்வது அதனால்தான்.

கூடவே மேடம் ஒரு சட்டம் போட்டார். "அது அப்படித்தான்" என்ற வார்த்தை நம் ஓட்டலில் யார் வாயிலும் வரக் கூடாது. தட்டில் மிச்சம் இருந்தால், சர்வர் கேட்க வேண்டும். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் சூப்பர் என்றுதான் சொல்வார்கள். "எது கொறஞ்சுது?" என்று கேட்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், முதலில் திகைப்பார்கள், பிறகு கொட்டுவார்கள்.

தான் ருசி பார்த்த சாப்பாட்டைக் கொண்டுபோய் வைக்கிற சர்வர் நடக்கிற நடையே வேறு. ஆறிப்போகக் கொண்டுபோக அவனுக்கு மனசு வராது. சர்வீஸ் தானாகச் சரியாயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டமும் வந்தது. அண்ணாச்சி வந்து, "ஏலே, தட்டுன கோழி இப்பம் எப்படி இருக்கு?" என்று வாசலிலேயே விசாரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மாமி மட்டும் வரவில்லை. சேகருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் துணிந்து போன் போட்டான். "மாமி, நான்தான் ஆஸ்திரியன் டேஸ்ட் பேசறேன்" என்றான். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

மாமி வந்தார். "முட்டை போடலையோன்னோ?" என்றார். சாப்பிட்டார். நாங்கள் எல்லோரும் கதவிடுக்கில், ஒருவர் தலைமேல் ஒருவர் தலை. மாஸ்டர்தான் அடியில்.

"மாமி, எது கொறஞ்சுது?" என்றான் சேகர்.

மாமி நிதானமாக வாயைத் துடைத்தார். "நன்னா இருக்குடா. ஆனா பட்டை சித்தே தூக்கல். ஆப்பிளை அமுக்கறது."

சேகர் ஓடிவந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே. "மாஸ்டர்! மாமி கொற சொல்லிட்டாங்க! பட்ட ஜாஸ்தியாம்!" மாஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். என் புடவையெல்லாம் மைதா. குறை சொல்கிறவர் திரும்ப வருவார், பிள்ளைகளே. அடுத்த வாரமே மாமி வந்தார், பட்டையைச் சோதிக்க.

மாஸ்டர் மூக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ரொம்ப நாள் கழித்து ஒருநாள், காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இதுல மண்ணெண்ணெய் வாசம் அடிக்குது" என்றான். நான் மோந்து பார்த்தேன், நல்ல காபிதான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தப்போ சரியோ, ஒரு வாசம் வந்துவிட்டது! அன்றைக்கு ஓட்டலில் எல்லோருக்கும் காபி. அப்புறம் தப்பான வாசமெல்லாம் ஒவ்வொன்றாகச் சரியான வாசமாக மாறின. வெண்ணெய் வந்தது, எலுமிச்சை வந்தது. ஒரு நாள் காலையில் லீவு கேட்டான். "எதுக்கு?" என்றேன். "பேத்தி வீட்டுக்கு" என்றான். சாயங்காலம் போன் பண்ணினான். "பெருசாயிட்டாக்கா. ஆனா தலையில இன்னும் கொழந்த வாசம் கீது."

மூக்கு வந்த பிறகும் டம்ளரை அவன் விட்டுவிடவில்லை. தானே முதலில் அண்ணாந்து ஊற்றி ருசி பார்க்கிறான். உங்கள் கையில் கொடுத்திருப்பது அதைத்தான். தொலைத்துவிடாதீர்கள், அதில் தினமும் ஊற்றிப் பாருங்கள், பார்த்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். மாஸ்டரிடம் சொல்லப் பயமாக இருந்தால், அந்தப் பயத்தையும் அவனிடமே சொல்லுங்கள். அவன் யாரையும் கடித்ததில்லை.

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாடி, எழுதிவிட்டாயா? இப்போது முதலிலிருந்து படித்துக் காட்டு, மெதுவாக. எங்கே இழுக்கிறது, எங்கே உப்பில்லை என்று தோன்றுகிறதோ, அங்கேயே நிறுத்திச் சொல். முடித்ததும் "சூப்பர் ஆயா" என்று மட்டும் சொல்லாதே.